கம்ப்யூட்டர் சொல்லுது, சீனி வாங்கலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் முப்பது வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். மகன் பில், சரக்கிருப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "இனிமே எதை எப்போ வாங்கணும்னு இதுவே சொல்லும்ப்பா" என்கிறான். நம்பலாமா?

பதில்: பாதிக்கு நம்பலாம், அண்ணாச்சி. நானும் பாளையங்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கொள்முதல் பார்த்தவன்தான்.

உளுந்து தினம் 4 மூட்டை போகும், சொல்லிவிட்டால் வந்து சேர 6 நாள். ஆக 24. அவசரத்துக்கு 8 சேர்த்து, இருப்பு 32-க்கு இறங்கியதும் திரையில் சிவப்பு காட்டும். இதற்கெல்லாம் நாம் மண்டையை உடைக்க வேண்டாம். ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1960-லேயே, இப்படித் திரும்பத் திரும்ப வரும் முடிவுகள் ஒரு வகை, ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசிக்க வேண்டியவை இன்னொரு வகை என்று பிரித்துச் சொன்னார். முதல் வகையை மெஷினிடம் விடலாம்.

சீனியையும் அந்த வகையில் சேர்த்ததுதான் நான் செய்த வினை. 2024-ல் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், 'போன நவம்பரில் சீனி நன்றாக ஓடியது, இருப்பு போதாது' என்று ரிப்போர்ட் வந்தது. 40 மூட்டை இறக்கினேன். 2023-ல் தீபாவளி நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31-லேயே வந்து போய்விட்டது. பலகாரம் சுட்டு முடித்த ஊருக்குச் சீனி எதற்கு? அடைமழையில் மூட்டையெல்லாம் கசிந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, மூட்டையைத் தொட்டுப் பார்த்து விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மெஷின் பொய் சொல்லவில்லை. இந்தத் தீபாவளியை ஒட்டின நாட்களைப் போன தீபாவளியை ஒட்டின அதே நாட்களோடு ஒப்பிடு என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். தேதியைக் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தந்திருக்கும்.

அப்புறம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடை பூட்டிக் கிடந்த நாட்களையும் 'விற்பனை 0' என்று அது சராசரியில் சேர்த்துவிடும். சனம் அரிசிக்கு அலைந்தது அதற்கு எப்படித் தெரியும்? சரக்கு இல்லை என்று நாம் திருப்பி அனுப்பும் ஆளும் அப்படித்தான்; அவருக்குப் பில் ஏது?

கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யார் எதைக் கேட்டு இல்லை என்று போனார்களோ, அதை எழுதி ராத்திரி மகனிடம் கொடுங்கள். எழுத்து புரியவில்லை என்பான். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.