நாலு ரவுண்டு முடிந்தும் பதில் இல்லையா? சிங்கப்பூர் இன்டர்வியூ கேள்வி பதில்

ஆள் எடுப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. முதலில் ஏஜென்சியில் இருந்தேன், இப்போது ஒரு கம்பெனிக்குள் இருக்கிறேன். நீங்கள் போய்வந்த இன்டர்வியூவில் என்ன நடந்தது என்று எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ரெசுமே திருத்தித் தரமாட்டேன். பி.ஆர். (நிரந்தரவாசம்) விண்ணப்பம் பற்றிக் கேட்காதீர்கள், அது என் துறை இல்லை.

பொங்கோல் தம்பி: அக்கா, நாலு ரவுண்டு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கடைசி ரவுண்டில் டைரக்டர் கை குலுக்கி அனுப்பினார். ஹெச்.ஆருக்கு மெயில் போட்டால் சத்தமே இல்லை. வேண்டாம் என்றால் சொல்லித் தொலைக்கலாமே?

பெரும்பாலும் நீங்கள் இரண்டாவது ஆள், தம்பி. முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும். அவர் யோசிப்பார், பழைய கம்பெனி சம்பளத்தை ஏற்றித் தருகிறேன் என்று இழுக்கும், வெளிநாட்டவர் என்றால் பாஸ், அதாவது வேலை அனுமதி, வேறு வர வேண்டும். அவர் கைவிட்டால் அடுத்த போன் உங்களுக்குத்தான் என்பதால், அதுவரை உங்களுக்கு ‘இல்லை’ என்று சொல்ல ஹெச்.ஆருக்கு மனசு வராது. மரியாதை இல்லாத பழக்கம்தான், ஆனால் எல்லா இடத்திலும் இருக்கிறது.

இதற்கு வைத்தியம் கடைசியில் இல்லை, முதல் போனிலேயே இருக்கிறது. எத்தனை ரவுண்டு, யார் யார் பார்ப்பார்கள், முடிவு எப்போது என்று கேளுங்கள். முக்கியமாக, இது யாராவது விட்டுப் போன இடமா, புது இடமா என்று கேளுங்கள். விட்டுப் போன இடம் என்றால் வேலை தேங்கிக் கிடக்கும், அவர்களுக்கே அவசரம். புது இடம் என்றால் நாலு ரவுண்டு முடிந்த பிறகுகூட மேலிடம் பட்ஜெட்டை நிறுத்திவிடும். இன்னொரு மெயில் போடலாம், தேதியோடு: “வேறோர் இடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.” உண்மையாக இருந்தால் மட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு பக்கம் பாருங்கள். எல்லாருக்கும் ஒன்று: கையெழுத்தான கடிதம், பாஸ் தேவைப்படுகிறவர் என்றால் மனிதவள அமைச்சின் ஒப்புதல், இரண்டும் வராமல் இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

செங்காங்: பத்தே நிமிடம். என் ரெசுமேயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பேருக்குக் கூப்பிட்டார்களா?

இருக்கலாம். எம்ப்ளாய்மென்ட் பாஸில் (நிபுணர், மேலாளர் போன்ற வெளிநாட்டவருக்கான அனுமதி) ஆள் எடுக்க வேண்டுமென்றால், சில விலக்குகள் தவிர, ‘மைகேரியர்ஸ்ஃபியூச்சர்’ என்ற அரசாங்க வேலைத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் போட்டிருக்க வேண்டும், வந்தவர்களை நியாயமாகப் பரிசீலித்திருக்க வேண்டும். சில மேனேஜர்கள் ஆளை முன்பே மனசில் முடிவு செய்துவிட்டு, காட்டுவதற்காக இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். அது விதிமீறல். சந்தேகம் வலுவாக இருந்தால் டாஃபெப்பிடம் (வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் அமைப்பு) சொல்லலாம். ஆனால் அலுப்பில் இருந்த மேனேஜரும் பத்து நிமிடத்தில் முடிப்பார், இதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட்: முழு இன்டர்வியூவும் டெலிகிராமில், டைப் அடித்தே நடந்தது. வேலை கிடைத்துவிட்டது, ‘பதிவுக் கட்டணம்’ 180 வெள்ளி கேட்கிறார்கள்.

மோசடி. கட்டாதீர்கள். மோசடி உதவி எண் 1799க்கு அழையுங்கள்.

ஈசூன்: அக்கா, மூன்றாவது ரவுண்டில் மேனேஜர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டே கேட்டார்: “எங்கள் டீமில் எல்லாரும் மாண்டரின் பேசுவோம், உனக்குப் பரவாயில்லையா?” பரவாயில்லை என்றேன். மறுநாள் ‘டீமுக்குப் பொருந்தவில்லை’ என்று மெயில். விளம்பரத்தில் மாண்டரின் என்ற பேச்சே இல்லை. இது கணக்கு வேலை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மொழி வேலைக்குத் தேவை என்றால் கேட்கலாம், ஆனால் ஏன் தேவை என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்பது இங்கு அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி. சீனாவிலிருந்து வரும் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டி வேலை என்றால் மாண்டரின் கேட்பதில் தப்பே இல்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் பேச வேண்டும் என்பது காரணம் ஆகாது.

இன்டர்வியூ எடுப்பவர் கையில் ஒரு தாள் இருக்கும். அறிவு, அனுபவம், பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க், அடியில் ‘டீம் ஃபிட்’ என்று ஒரு கட்டம். சொல்ல முடியாததெல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் போய் ஒளியும். அந்தக் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று மட்டும் எழுதி வரும் தாளை நான் திருப்பி அனுப்புவேன்: எந்த வேலையைச் செய்ய முடியாது என்று எழுது. பாதிப் பேருக்கு எழுத ஒன்றும் இருக்காது.

சாங்கி பிசினஸ் பார்க்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாடியில் மீட்டிங் தவிர எல்லாம் தமிழும் தெலுங்கும்தான். அங்கே வரும் சீனப் பையன் என்ன செய்வான்? நம் ஆட்கள் செய்தால் மட்டும் ஒற்றுமையா?

தெம்பனிஸ்: அது வேறு, இது வேறு. நாங்கள் இங்கேயே பிறந்து, தேசிய சேவை செய்து, இன்னும் ‘மாண்டரின் தெரியுமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சாங்கி பிசினஸ் பார்க்: வெளியே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான், அண்ணே.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் எடை ஒன்றில்லை. உள்ளூர்ச் சிறுபான்மைப் பிள்ளைக்கு இது ஒரு ஆபீஸில் நடப்பதில்லை, போகிற இடமெல்லாம் நடக்கிறது. அதற்காகச் சாங்கியில் நம் ஆட்கள் கூட்டம் சேர்ப்பதை நான் மூடி மறைக்கமாட்டேன். ஊர்க்காரர், காலேஜ் ஜூனியர் என்று பார்த்து எடுப்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான ‘காம்பஸ்’ புள்ளி முறையில், அந்த நிறுவனத்தின் நிபுணர், மேலாளர் வகை ஊழியர்களில் உங்கள் நாட்டவர் 25 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பிரிவில் பூஜ்யம். 5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் 20 புள்ளி. பாஸ் கிடைக்க எல்லாப் பிரிவும் சேர்த்துத் தேவை 40. ஆனால் அது குடியுரிமையைத்தான் பார்க்கும், சாப்பாட்டு மேசையில் என்ன மொழி என்று பார்க்காது.

மொழியைப் பார்க்கப் போவது வேலையிட நியாயச் சட்டம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, 2027ல் நடப்புக்கு வரும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. வயது, இனம், சமயம், கர்ப்பம் எல்லாவற்றோடும் மொழித்திறனும் அதில் இருக்கிறது. 25 பேருக்குக் குறைந்த கம்பெனிகளுக்கு இப்போதைக்கு விலக்கு. ஈசூன், அந்த மெயிலையும் விளம்பரத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்கள். டாஃபெப்பிடம் இப்போதே போகலாம், சட்டம் வரக் காத்திருக்க வேண்டாம்.

தெம்பனிஸ்: புகார் கொடுத்தால் வேலையா கிடைக்கும்?

கிடைக்காது. அடுத்த ஆளிடம் அதே கேள்வியைக் கேட்க அந்த மேனேஜர் யோசிப்பார். சண்டையை இதோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

புக்கிட் பாத்தோக்: இரண்டு ரவுண்டு முடிந்தது, பதில் இல்லை...

பொங்கோல் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

திருச்சியிலிருந்து: மேடம், ஜூமில் இன்டர்வியூ நல்லா போச்சு. எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) உறுதி என்று ஏஜென்ட் 3 லட்சம் ரூபாய் கேட்கிறார். வேலையை விட்டுவிடவா?

விடாதீர்கள்! சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது, ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எவ்வளவு போனாலும் இரண்டு மாதச் சம்பளம்தான். வேலை கொடுப்பதற்காக முதலாளியே காசு வாங்கினால் அது குற்றம். ஊர் ஏஜென்ட் வாங்குவதை இங்குள்ள சட்டம் தொடாது, அதனால்தான் பணத்தை அங்கேயே கட்டச் சொல்கிறார்கள். ஏஜென்சியின் உரிம எண்ணைக் கேட்டு மனிதவள அமைச்சின் தளத்தில் தேடுங்கள். அப்புறம் சம்பளத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் புது எஸ் பாஸுக்குக் குறைந்தது 3,300 வெள்ளி, வயது கூடினால் அதுவும் கூடும். கடிதத்தில் 2,200 என்று இருந்தால் பேச்சே வேண்டாம்.

செம்பவாங்: நாலு ரவுண்டு, ஐந்து வாரம்...

மேலே.

உட்லண்ட்ஸ் அக்கா: விண்ணப்பப் படிவத்தில் திருமணம், பிள்ளைகள், சமயம் எல்லாம் கேட்டார்கள். நிரப்பாவிட்டால் கழித்துவிடுவார்களோ?

வேலைக்குச் சம்பந்தமில்லாமல் இவற்றைக் கேட்கக் கூடாது. காலியாக விடுங்கள். நேரில் “பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்” என்று கேட்டால், “இந்த வேலை நேரத்துக்கு என்னால் வர முடியும்” என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தோ பாயோ: கடைசி ரவுண்டிலேயே “திங்கள் வந்து சேர், கடிதம் அப்புறம்” என்றார் முதலாளி. வேலை விதிமுறைகளை எழுத்தில் தர 14 நாள் அவகாசம் உண்டாமே?

உண்டு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 14 நாள். அது அவருக்கு இருக்கும் அவகாசம், நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. சம்பளம், நேரம், விடுப்பு, நோட்டீஸ் நான்கையும் மெயிலில் ஒரு வரியாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. ஞாயிறு இரவுக்குள் வராவிட்டால் பழைய இடத்துக்கே போங்கள். ராஜினாமா இன்னும் கொடுக்கவில்லைதானே?

தோ பாயோ: நேற்றே கொடுத்துவிட்டேன் அக்கா.

சரி, தனியே எழுதுங்கள். நோட்டீஸ் காலம் முடியவில்லையென்றால் திரும்ப வாங்க முடியுமா என்று நாளைக்காலையிலேயே உங்கள் மேனேஜரிடம் பேச வேண்டும்.