நண்டுக்கூடும் நிறவெறியும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் பிள்ளைகளோடு கீமாவுக்குப் போயிருந்தோம். அந்தக் கடற்கரையில் ஒருகாலத்தில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு வியட்நாமிய மீனவர்களை விரட்டப் பார்த்தது என்று நண்பர் சொன்னார். படிக்காத நாட்டுப்புற வெள்ளையர்களின் வெறும் நிறவெறிதானே இது?

ஆர்., ஹூஸ்டன்

அன்புள்ள ஆர்.,

நிறவெறிதான். அந்த ‘வெறும்’தான் எனக்கு இடிக்கிறது.

கதை கீமாவில் தொடங்கவில்லை. அதே டெக்சஸ் கரையில் தெற்கே ஸீட்ரிஃப்ட் என்று ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊர். 1975இல் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்தபின் வந்த அகதிகளில் சிலர் அங்கே நண்டுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்துப் படகு வாங்கினார்கள். விற்றவர்கள் உள்ளூர் வெள்ளையர்களேதான். பழைய படகுகளை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு கடலில் படகு அதிகமாகிவிட்டது என்றார்கள்.

நண்டு பிடிக்கும் கூட்டை யார் கடலில் எங்கே இறக்குவது, அடுத்தவன் கூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இறக்குவது என்பதெல்லாம் அங்கே எழுதாத சட்டம். மேலே மிதக்கும் கட்டையைப் பார்த்து விலகிப்போக வேண்டும். வந்தவர்களுக்கு அது தெரியாது. சொல்லிக்கொடுக்க மொழியும் இல்லை. டீசல் விலை வேறு ஏறிக்கொண்டிருந்தது. 1979 ஆகஸ்ட் 3 அன்று தகராறு முற்றி, வெள்ளை மீனவர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அன்றிரவே வியட்நாமியர்களின் படகுகள் எரிந்தன, ஒரு வீட்டில் தீக்குண்டு விழுந்தது. வியட்நாமியர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கொலைக்குற்றம் சாட்டப்பட்ட வியட்நாமியச் சகோதரர்கள் இருவரையும், தற்காப்புக்காகச் சுட்டதாக ஏற்று, ஜூரி விடுவித்தது.

பக்கத்து ஊர் வெள்ளையன் கூட்டைத் தப்பான இடத்தில் இறக்கியிருந்தால் கயிற்றை அறுத்துவிட்டிருப்பார்கள். சம்பந்தமில்லாதவன் வீட்டைக் கொளுத்தியிருப்பார்களா? நீங்கள் சொல்லும் நிறவெறி அந்த இடத்தில் இருக்கிறது.

க்ளான் உள்ளே வந்தது இதற்குப் பிறகுதான். 1981 பிப்ரவரியில் ஒரு கூட்டத்தில் பழைய படகொன்றுக்கு ‘யு.எஸ்.எஸ். வியட்காங்’ என்று பெயரெழுதிக் கொளுத்திக் காட்டினார்கள். வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்கு அந்தப் பெயர்! மார்ச்சில் அங்கி மாட்டிக்கொண்டு, படகில் ஒரு கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டபடி கீமா பக்கம் சுற்றினார்கள்.

வியட்நாமிய மீனவர் சங்கம் க்ளான்மீது வழக்குப் போட்டது. மே 15 இறால் பருவம் திறப்பதற்கு முன்பே நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்ட், மீனவர்களை மிரட்டக் கூடாதென்று க்ளானுக்குத் தடை விதித்தார். அவர் கறுப்பினப் பெண் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. பருவம் திறந்ததும் வியட்நாமியர்கள் வலையோடு கிளம்பினார்கள்.