மாத்திரையை நிறுத்தியபின் மாதவிடாய் எப்போது திரும்பும்?

கேள்வி: எனக்கு வயது 29. நான்கு ஆண்டுகளாகக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தேன். குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று ஏழு வாரங்களுக்கு முன் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளே உதிரப்போக்கு வந்தது; அதன்பின் இன்றுவரை மாதவிடாய் இல்லை. இத்தனை ஆண்டுகள் சாப்பிட்டதால் கருப்பை கெட்டுப்போயிருக்குமோ, டாக்டர்?

பதில்: உங்கள் கருப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மா. முதல் வேலையாகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கர்ப்பமா என்று பார்த்துவிடுங்கள். கருமுட்டை வெளியேறி ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்தே மாதவிடாய் வரும் என்பதால், மாத்திரையை நிறுத்தியபின் ஒருமுறைகூடத் தூரமாகாமலே கருத்தரிப்பவர்கள் உண்டு.

மூன்றாம் நாள் வந்ததை மாதவிடாய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். 21 மாத்திரைகள் முடிந்து ஏழு நாள் இடைவெளி விடும்போது மாதாமாதம் வந்ததும் இதே உதிரப்போக்குதான். வெளியிலிருந்து கிடைத்துவந்த ஹார்மோன் நின்றதும் கருப்பையின் உட்சவ்வு உதிர்கிறது, அவ்வளவே. நான்கு ஆண்டுகளாக உங்கள் மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் வேலையை நிறுத்திவைத்திருந்தது. மாத்திரையின் ஹார்மோன் சில நாட்களில் உடலைவிட்டு நீங்கிவிடும் என்றாலும், அந்தச் சுரப்பி மீண்டும் தூண்டி, ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளியேறி, அதன்பிறகே உண்மையான மாதவிடாய் வர வேண்டும். பலருக்கு இது நான்கு முதல் ஆறு வாரங்களில் நடந்துவிடுகிறது; மூன்று மாதம்வரை ஆனாலும் அஞ்ச வேண்டியதில்லை. முதல் சில சுற்றுகள் முன்பின்னாக வருவதும் இயல்பே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியின் கதை வேறு. அந்த மருந்து தசையிலிருந்து மெதுவாகக் கரைவதால், மாதவிடாய் சீராக ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். காப்பர்-டி போலவே கருப்பைக்குள் வைக்கும், ஆனால் ஹார்மோன் கலந்த கருவியை எடுத்தவர்களுக்கு விரைவிலேயே திரும்பிவிடும்.

மாத்திரை தொடங்குமுன் உங்களுக்குச் சுற்று எப்படி இருந்தது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். நாற்பது, ஐம்பது நாட்களுக்கு ஒருமுறை வந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை அப்போதே இருந்திருக்கலாம். மாத்திரையால் மாதாமாதம் தவறாமல் வந்த உதிரப்போக்கு அதை மறைத்து வைத்திருக்கும். நிறுத்தியதும் பழைய ஒழுங்கின்மை தெரியவரும். பழியோ மாத்திரையின் மேல் விழும்! எடை திடீரெனக் குறைவது, கடும் உடற்பயிற்சி, தைராய்டு கோளாறு, புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) மிகுதி ஆகியவையும் மாதவிடாயை நிறுத்தக்கூடியவை. எனவே பரிசோதனையில் கர்ப்பம் இல்லையென்று வந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். நிறுத்தி மூன்று மாதமாகியும் வரவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரைச் சந்தித்து, இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள்.

உடலைச் "சுத்தப்படுத்த" சில மாதம் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறுத்திய உடனே கருத்தரித்தாலும் குழந்தைக்குத் தீங்கில்லை. ஆனால் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை நாள்தோறும் எடுப்பது அவசியம். இதுவரை தொடங்கவில்லையென்றால் இன்றே தொடங்குங்கள்.