ஐந்தெழுத்தும் செபமாலையும்: கேட்டவையும் சொன்னவையும்

மார்கழி நெருங்குகிறது, மந்திரம், செபம் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. சைவநெறி படிப்பித்தவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். சோதிடமும் பரிகாரமும் எனக்கு வராது. யூடியூப் பார்த்து பீஜ மந்திரம் (ஓரெழுத்து விதை மந்திரம்) பழகலாமா என்று கேட்க வேண்டாம். கூடாது.

கேள்வி (உவர்மலை): சேர், 'நமசிவாய', 'சிவாயநம' இரண்டில் எதைச் சொல்வது?

நல்ல கேள்வி. எழுத்து ஐந்தும் அவையேதான், வரிசைதான் வேறு. சைவ சித்தாந்தத்தில் சி சிவம், வ அருள், ய உயிர், ந இறைவனின் மறைப்பாற்றல், ம ஆணவ மலம், அதாவது உயிரைப் பிடித்த அறியாமை அழுக்கு. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயன் என்ற நூலில் இதற்கென்றே பத்துக் குறள் வைத்தார். சிவாயநம என்னும்போது உயிர் நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் சிவமும் அருளும், மற்றப் பக்கம் மறைப்பும் மலமும். உயிர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் விஷயம். 'நமசிவாய' என்று தொடங்குவதைத் தூல பஞ்சாக்கரம் (பருமையான ஐந்தெழுத்து) என்றும், 'சிவாயநம' என்பதைச் சூக்கும பஞ்சாக்கரம் (நுண்மையான ஐந்தெழுத்து) என்றும் சொல்வார்கள். உலக வாழ்வில் நிற்பவருக்கு முன்னது, வீடுபேறு நாடுபவருக்குப் பின்னது என்பது வழக்கு. வீட்டில் விளக்கேற்றிவிட்டுச் சொல்ல நமசிவாய போதும். சொல்லும்போது இந்தப் பொருளை ஒரு தடவையாவது நினையுங்கள்.

கேள்வி (நிலாவெளி): மாலையில் ஏன் 108 மணி?

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம் என்று கணக்குச் சொல்வார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. 54, 27 மணி மாலைகளும் இருக்கின்றன. மாலையின் தலைமணியான நாயக மணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி (அன்புவழிபுரம்): அரசாங்க வேலை கிடைக்க எத்தனை உரு ஏற்ற வேண்டும், அதாவது மந்திரத்தை எத்தனை தரம் சொல்ல வேண்டும்?

அப்படி ஒரு கணக்கு இல்லை தம்பி. விண்ணப்பத்தைத் திகதிக்கு முன் அனுப்புங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): குளிக்காமல், பஸ்ஸில் போகும்போது, துடக்கு நாட்களில் சொல்லலாமா?

சம்பந்தரின் பஞ்சாக்கரப் பதிகமே 'துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்' என்றுதான் தொடங்குகிறது. தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் நினைக்கச் சொன்னவர் பஸ்ஸை விலக்கியிருப்பாரா? செபத்தில் மூன்று வகை: பிறர் காதில் விழச் சொல்வது, தன் காதுக்கு மட்டும் கேட்கச் சொல்வது, நா அசையாமல் மனத்தால் சொல்வது. மூன்றாவதே மேலானது என்பார்கள். அதற்குத் துடக்கு இல்லை என்பது என் கருத்து. கோயிலுக்குள் போவது வேறு விஷயம், அதைக் குருக்களிடம் கேளுங்கள்.

கேள்வி (மூதூர்): தீட்சை இல்லாமல் சொன்னால் குற்றமா?

ஆறுமுக நாவலர் பெருமானின் 'சைவ வினாவிடை' நூலின்படி, பஞ்சாக்கர செபத்துக்குச் சிவதீட்சை வேண்டும். முறைப்படி செபம் செய்ய விரும்பினால் சமய தீட்சை பெறுங்கள். 'நமச்சிவாய வாழ்க' என்று சிவபுராணம் பாடும் பிள்ளையிடம் யாரும் தீட்சை பெற்றாயா என்று கேட்பதில்லை.

கேள்வி (தம்பலகாமம்): மன்னிக்கவும் சேர், மந்திரம் என்றால் வடமொழி. தேவாரம் தோத்திரம்தான். இரண்டையும் நீங்கள் கலக்கிறீர்கள்.

கலக்கவில்லை. தேவாரம் தோத்திரம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மந்திரம் வடமொழிக்கு மட்டும் சொந்தம் என்பதை ஏற்க மாட்டேன். 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம்' என்கிறது தொல்காப்பியம். அதில் மொழி பற்றிய நிபந்தனை இல்லை. சம்பந்தருக்கு உபநயனம் நடந்தபோது வேதியர் மந்திரம் சொல்லிக் கொடுக்க, அவர் திருப்பி அவர்களுக்கு ஐந்தெழுத்தின் பெருமையைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். 'அந்தியுள் மந்திரம் அஞ்செழுத்துமே' என்று அந்தப் பதிகத்திலேயே இருக்கிறது. அதே நேரம் அந்த ஐந்தெழுத்து வடமொழி வேதத்தில் வரும் ஶ்ரீருத்ரத்தின் நடுவிலும் இருக்கிறது. இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடலாம்.

(தம்பலகாமம், மறுபடியும்): உச்சரிப்புப் பிழைத்தால் பலன் மாறும் என்கிறார்களே? தமிழில் பாடுவதற்கு அந்தக் கட்டுப்பாடு எங்கே?

வேத மந்திரத்துக்கு அது உண்மை. இந்திரனைக் கொல்ல ஒரு மகனைக் கேட்டு வேள்வி செய்த துவஷ்டா, ஒரே சொல்லில் சுரத்தை மாற்றிச் சொன்னதால் இந்திரன் கையால் சாகும் மகனைப் பெற்றான் என்று கதை. ஆகவேதான் ருத்ரம், காயத்திரி எல்லாம் குருவின் முன் இருந்து காதால் கேட்டுப் பழக வேண்டும், யூடியூப் வேண்டாம் என்கிறேன். தேவாரத்துக்குக் கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னது? ஒவ்வொரு பதிகத்துக்கும் பண், அதாவது பாடும் இசைமுறை, இருக்கிறதே. சிலர் அதைச் சினிமா மெட்டில் பாடுவதைக் கேட்டால் எனக்கும் கோபம் வரும்.

(செல்வநாயகபுரம்): அப்படியானால் கோணேசர் கோயிலில் தமிழில் பூசை செய்யட்டுமே!

இதைத் தொடங்கினால் விடியும். பூசை ஆகம வழி. ஆனால் நம் கோயில்களில் தீபாராதனைக்குப் பின் பஞ்சபுராணம் ஓதாமல் பூசை நிறைவதில்லை. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் ஆகிய ஐந்தும் தமிழ். நம் திருகோணமலைக்கே சம்பந்தர் 'தாயினும் நல்ல தலைவர்' என்று பாடி வைத்திருக்கிறார். ஓதச் சொன்னால் முன்வரிசையில் நிற்பவர்கள் போனைப் பார்க்கிறார்கள். பதிகம் முழுவதும் தெரிந்தவர்கள் முதலில் கை தூக்குங்கள், பிறகு சண்டை பிடிக்கலாம். தம்பலகாமத்தாருக்கும் இதுதான் பதில்.

கேள்வி (உப்புவெளி): ஹரே கிருஷ்ண மந்திரம் சொல்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை?

அந்த மந்திரத்தில் 16 நாமங்கள். இஸ்கான் என்ற கிருஷ்ண பக்தி அமைப்பில் தீட்சை பெற்றவர்கள் நாளுக்கு 16 மாலை சொல்வார்கள், அதாவது 1,728 தரம். மற்றவற்றை வைணவர் ஒருவரிடம் கேளுங்கள்.

கேள்வி (சீனக்குடா): செவ்வாய் தோஷத்துக்கு எந்த மந்திரம்?

மேலே முதல் பந்தியைப் பாருங்கள்.

கேள்வி (ஆலங்கேணி): பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு ஓங்காரம் சொன்னால்?

நிறுத்தவே வேண்டாம் அம்மா! குளிசையைப் போட்டுவிட்டு ஓங்காரம் சொல்லுங்கள்.

கேள்வி (கன்னியா): கடன் தீர எத்தனை உரு?

அன்புவழிபுரத் தம்பிக்குச் சொன்ன பதிலே. விண்ணப்பத்துக்குப் பதிலாக வட்டியை நேரத்துக்குக் கட்டுங்கள்.

கேள்வி (பாலையூற்று): சேர், பீஜ மந்திரத்துக்கு ஒரு நல்ல காணொளி இருந்தால் இணைப்பு அனுப்புவீர்களா?

மாட்டேன். மிச்சக் கேள்விகளைத் திருவெம்பாவை முடிந்த பிறகு பார்க்கிறேன். எண்ணிக்கை பற்றியவை இல்லாமல் அனுப்புங்கள்.