பச்சோந்தி சாப்பிடவில்லையா? தீனியை விடுங்கள், கூட்டைப் பாருங்கள்

கேள்வி: என் மகன் கஜு மரத்து வேலிக்குக் கீழே, தரையில் ஊர்ந்துகொண்டிருந்த பச்சோந்தி ஒன்றைப் பிடித்து வந்தான். பழைய மீன் தொட்டியில் விட்டு ஐந்து நாளாகிறது. பாண், சோறு, கீரை, செத்த இலையான் எல்லாம் போட்டுப் பார்த்தோம். எதையும் தொடவில்லை. உடம்பும் கறுத்துக்கொண்டு வருகிறது. முட்டை மஞ்சள் கருவைச் சிரிஞ்சியால் வாய்க்குள் விடச் சொல்கிறார்கள். விடலாமா? (வாசகர், செங்கலடி)

பதில்: விடவே வேண்டாம். பச்சோந்தியின் மூச்சுக்குழாய் வாசல் வாயின் அடித்தளத்திலேயே இருக்கிறது. நாம் விடும் திரவம் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். வாயை வலுக்கட்டாயமாகத் திறந்தால் தாடையோ நாக்கோ சேதமாகும். நாக்கு பழுதான பச்சோந்தியால் வேட்டையாட முடியாது. நன்கு வளர்ந்த பச்சோந்தி சில நாள் பட்டினி தாங்கும். அதனால் தீனி பற்றிய பதற்றத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவசரமாகக் கவனிக்க வேண்டியது தண்ணீரையும் அந்தக் கண்ணாடித் தொட்டியையும்தான்.

அதற்கு முன் ஒரு விஷயம். நம் பக்கம் கழுத்துச் சிவக்கிற ஓணானையும் பச்சை ஓணானையும்கூடப் பலர் பச்சோந்தி என்றே சொல்வார்கள், அவையும் நிறம் மாறுவதால். உண்மையான பச்சோந்திக்கு இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும், வால் சுருளும், விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் குறடு போலக் கிளையைப் பற்றும். உங்களிடம் இருப்பது ஓணான் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்றைக்கே பிடித்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

பச்சோந்தி என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் போட்டவற்றில் அதற்கு உணவாகத் தெரியக்கூடியது ஒன்றுகூட இல்லை. அது அசைகிற பூச்சியைக் கண்ணால் குறிபார்த்து நாக்கை எறிந்து பிடிக்கிற பிராணி. செத்த இலையான் அதற்கு ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். தண்ணீரும் அப்படித்தான். கிண்ணத்தில் தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான் நக்கும். ஐந்து நாளாகக் கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் வைத்திருந்தால் அதற்குப் பசியைவிடத் தாகம்தான் பெரிதாக இருக்கும். கண் உள்ளே குழிந்திருக்கிறதா, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நீர் வற்றியதற்கு அடையாளம்.

மீன் தொட்டி இதற்கு மிக மோசமான இடம். காற்றோட்டம் கிடையாது. கண்ணாடியில் தன் உருவமே தெரிந்தால், இன்னொரு பச்சோந்தி எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து ஓயாமல் பதறும். இவை தனித்து வாழ்கிறவை, சோடியாக வைத்தால்கூடச் சண்டைதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தத் தொட்டியை வெயிலில் வைத்தால் சிறிது நேரத்திலேயே உள்ளே வெந்து செத்துப்போகும். சரி, வெயில் பட வேண்டுமே என்று ஜன்னலோரம் வைத்தாலும் பயனில்லை. எலும்புக்குத் தேவையான டி வைட்டமினைத் தோலில் உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கறுத்துப் போவது பெரும்பாலும் பயத்தின் நிறம். காலைக் குளிரில் வெயிலை உள்வாங்கவும் கறுக்கும், ஆனால் நாள் முழுக்கக் கறுப்பாகவே இருந்தால் அது நிம்மதியாக இல்லை.

இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 'தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சோந்தி மரத்தை விட்டு லேசில் இறங்காது. மரம் மாற இறங்கும், இல்லாவிட்டால் பெட்டை மண்ணைத் தோண்டி முட்டையிட இறங்கும். முட்டையிடும் நாள் நெருங்கினால் பெட்டை தானாகவே தீனியை நிறுத்திவிடும். வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறதா? தொட்டியின் அடியில் அங்குமிங்கும் அலைந்து மூலையைக் கீறுகிறதா? அப்படியென்றால் அது நோயாளி அல்ல, முட்டையிட மண் தேடுகிறது. ஈரமான ஆழ மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கித் தாய் செத்துவிடக்கூடும். இதற்கு எந்தத் தீனியும் மருந்து ஆகாது.

அதனால் என் ஆலோசனை, இதை வளர்க்க முயல வேண்டாம் என்பதுதான். இலங்கையில் இயற்கையாக இருப்பது ஒரேயொரு பச்சோந்தி இனம். அதுவும் உலர் வலயத்தில் மட்டும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பயமுறுத்தச் சொல்லவில்லை. மகன் தெரியாமல் பிடித்தான், நீங்கள் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுத்து, எங்கே பிடித்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அப்படியே சொல்லுங்கள். காயம் இல்லாவிட்டால் அது பிடிபட்ட வேலியடிக்கே திரும்பப் போவதுதான் நல்லது. தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவது நல்ல எண்ணம்தான், ஆனால் பழகிய மரமும் மறைவும் இல்லாமல் அது தடுமாறும்.

அவர்கள் வரும்வரை என்ன செய்வது? தொட்டியிலிருந்து எடுத்து, நுளம்பு வலை சுற்றிய பெரிய கூடையிலோ வலைக்கூட்டிலோ விடுங்கள். கையால் இறுக்கிப் பிடிக்காமல், முன்னால் ஒரு கம்பை நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். உள்ளே செவ்வரத்தைக் கிளை இரண்டு மூன்றை இலையோடு வைத்து, ஒளிந்துகொள்ள இடம் கொடுங்கள். அடியில் ஒரு வாளி ஈர மணல், ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல். காலையிலும் பின்னேரமும் ஸ்ப்ரே போத்தலால் இலைகளில் சில நிமிடம் மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள், முகத்தில் அல்ல. காலை வெயில் கூட்டின் பாதியில் மட்டும் படட்டும், மறுபாதி நிழலாக இருக்கட்டும். கூட்டை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே வைத்துத் துணியால் மூன்று பக்கம் மறைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள், நாய் பூனையையும் சேர்த்து.

தீனி கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் உயிருள்ள சின்ன வெட்டுக்கிளி ஒன்றிரண்டை உள்ளே விட்டு, நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. பூச்சி அதன் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வயலில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேளாண்மைக் காலத்தில் மருந்தடிக்காத வயல் அரிது. வளவில், மருந்து படாத புல்லில் பிடியுங்கள். மாலைக்குள் தின்னாத பூச்சியை வெளியே எடுத்துவிடுங்கள். இரவில் அது தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கக்கூடும்.

பகலிலும் கண்ணை மூடியே கிடந்தாலோ, கிளையைப் பிடிக்க முடியாமல் விழுந்தாலோ, வாயோரம் வீங்கிச் சீழ் தெரிந்தாலோ, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம். அதையும் தொலைபேசியிலேயே சொல்லி, பக்கத்து அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். பச்சோந்திக்கு விஷம் கிடையாது, கடித்தால் கொஞ்சம் நோகும். ஆனால் ஊர்வனவற்றின் உடம்பிலும் எச்சத்திலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்த மீன் தொட்டியைக் குசினியில் வைத்துக் கழுவாதீர்கள்.

இதற்குள் மணலில் முட்டையிட்டுவிட்டால் தோண்டிப் பார்க்கவோ முட்டையைப் புரட்டவோ வேண்டாம். கோழி முட்டையைப் போல் இதைத் திருப்பி வைத்தால் உள்ளிருக்கும் கரு செத்துப்போகும். வாளியை ஆட்டாமல் நிழலில் வைத்து, வருகிற அதிகாரியிடம் அப்படியே காட்டுங்கள்.