காது குத்தியபோது கட்டி வந்ததா என்று யாராவது கேட்டார்களா?

கேள்வி: எனக்கு வயது 61. கோவையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். 14 மாதத்துக்கு முன்பு சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் ஃபேஸ்லிஃப்ட் (தொய்ந்த முகத்தை இழுத்துத் தைக்கும் அறுவை) செய்துகொண்டேன். ரூ. 3,40,000 கட்டினேன். 'தழும்பே தெரியாது மேடம்' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். இப்போது இரண்டு காதுக்கும் முன்னால் அகலமான கோடு. காதுக்குப் பின்னால் தடித்துச் சிவந்து, அரிப்பும் வலியும். காதுச் சோணை இரண்டும் கீழே இழுபட்டு கன்னத்தோடு ஒட்டிவிட்டதால் கம்மல்கூடப் போட முடியவில்லை. கேட்டால் 'உங்கள் உடல்வாகு அப்படி' என்கிறார்கள். இலவசமாகத் திரும்பச் சரிசெய்து தருகிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். என் கணவர் போலீசுக்குப் போகலாம் என்கிறார். வழக்குப் போட முடியுமா, காலம் கடந்துவிட்டதா? சொந்தக்காரர்கள் யாருக்கும் இந்த ஆபரேஷன் விஷயம் தெரியாது. சின்ன வயதில் காது குத்தியபோதும் எனக்குப் பட்டாணி அளவுக்குக் கட்டி வந்தது. என் தலையெழுத்து போலிருக்கிறது.

— வாசகி, கோவை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் காது குத்திய கதைதான். அதை நீங்கள் தலையெழுத்து என்கிறீர்கள். மருத்துவர்கள் அதைக் கீலாய்டு என்பார்கள். காயம் ஆறிய பிறகும் தழும்பு நிற்காமல், காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்வது. நம்மைப் போன்ற மாநிறம், கருநிறத் தோலில் இது அதிகம். வரும் இடங்களில் காதுச் சோணை முக்கியமான ஒன்று. ஒருமுறை வந்தவருக்கு அடுத்த வெட்டிலும் வர வாய்ப்பு அதிகம். ஃபேஸ்லிஃப்டில் கத்தி போகும் பாதை எது? நெற்றிப்பொட்டின் முடியோரத்தில் தொடங்கி, காதுக்கு முன்னால் இறங்கி, சோணையைச் சுற்றி, காதுக்குப் பின்னால் ஏறி, பிடரி முடிக்குள் போய் முடியும். அதாவது உங்களுக்கு ஏற்கெனவே கட்டி வந்த இடத்தை ஒட்டியே.

அப்படியானால் ஆபரேஷனுக்கு முன் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று இருக்கிறது: "காது, மூக்கு குத்திய இடத்தில், தடுப்பூசி போட்ட இடத்தில், பழைய தையல் போட்ட இடத்தில் தழும்பு தடித்திருக்கிறதா?" கேட்டார்களா? கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? சொன்ன பிறகு உங்களுக்கு என்ன எச்சரிக்கை கொடுத்தார்கள்? உங்கள் வழக்கு பெரும்பாலும் இந்த மூன்று பதில்களில்தான் நிற்கும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தழும்பு மோசமாக வந்துவிட்டது என்பதற்காக மட்டும் எந்த நுகர்வோர் ஆணையமும் நஷ்டஈடு தராது. மருத்துவர் விளைவுக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. அவரைப் போன்ற தகுதியுள்ள ஒரு மருத்துவர் காட்டும் நியாயமான கவனத்தை அவரும் காட்டினாரா என்றுதான் பார்க்கும். ஆகவே 'உடல்வாகு' என்று அவர்கள் சொல்வது பாதிப் பதிலாவது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த உடல்வாகு உங்களுக்குச் சிறு வயதிலிருந்தே இருந்தது, காதைப் பார்த்துக் கேட்டாலே தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லவில்லை என்றாலும் தவறு, கேட்கவே இல்லை என்றாலும் தவறு.

உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோஹ்லி வழக்கில் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அவருடைய சம்மதம் இல்லாமலே கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சிகிச்சை என்ன, எதற்காக, மாற்று வழி உண்டா, கணிசமான அபாயங்கள் என்னென்ன என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லி வாங்குவதே சரியான சம்மதம் என்று நீதிமன்றம் சொன்னது. எப்போதோ ஒருவருக்கு நேரக்கூடிய அபாயத்தையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஏற்கெனவே கட்டி வந்த ஒருவருக்குத் திரும்ப வருவது அப்படி எப்போதோ நேர்வது அல்ல என்பது நம் வாதமாக இருக்கும். அதிலும் ஃபேஸ்லிஃப்ட் உயிர் காக்கும் அவசர சிகிச்சை கிடையாது. யோசிக்க நேரம் இருந்தது, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் இருந்தது. உண்மை தெரிந்திருந்தால் நீங்கள் வேண்டாம் என்றே சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதற்காகப் பயப்படாதீர்கள். அது எந்த மொழியில் இருந்தது, எந்த நேரத்தில் வாங்கினார்கள், தழும்பு பற்றி அதில் உங்களுக்கென்று ஏதாவது கையால் எழுதியிருக்கிறதா என்று பார்ப்போம். எல்லாருக்கும் பொதுவாக அச்சடித்து, ஆபரேஷன் தியேட்டர் உடை மாற்றிய பிறகு நீட்டப்படும் ஆங்கிலப் படிவங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதே சமயம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'கீலாய்டு உண்டா' என்ற கேள்வி படிவத்தில் இருந்து, 'இல்லை' என்று நீங்களே டிக் செய்திருந்தால் இந்த வாதம் மிகவும் பலவீனமாகிவிடும்.

இரண்டாவது வாதம், சிகிச்சை செய்த முறை பற்றியது. முன்பக்கத்து அகலத் தழும்பும் கீழே இழுபட்ட சோணையும் கீலாய்டு அல்ல. ஃபேஸ்லிஃப்டில் இழுவையைத் தோலுக்கு அடியில் உள்ள தசைப் படலத்தில் வாங்கி, மேல்தோலை இறுக்கமில்லாமல் தைக்க வேண்டும் என்பது அந்தத் துறையில் எல்லாரும் அறிந்த விஷயம். மேல்தோலையே இழுத்துத் தைத்தால் தையல் அகலும், சோணை கீழே இறங்கும் என்பார்கள். உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்ததா என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. அதற்கு வேறொரு பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும். ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் காட்டுங்கள். 'அந்த டாக்டர் தப்புச் செய்தார்' என்று எழுதிக் கொடுக்கக் கேட்காதீர்கள், யாரும் எழுத மாட்டார்கள். கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: தழும்பு எங்கே, எத்தனை மில்லிமீட்டர் அகலம், கீலாய்டா சாதாரணத் தடிப்பா, சோணை எவ்வளவு இறங்கியிருக்கிறது, இனி என்ன சிகிச்சை, என்ன செலவு. அந்த ஒரு பக்கம் போதும். மற்றதை ஆணையமே நிபுணர் கருத்துக்கு அனுப்பிக் கேட்கலாம்.

சரி, காலம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-ன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம். பாதிப்பு பின்னால்தான் தெரிய வந்தால் அன்றிலிருந்து கணக்கிடலாம் என்று வாதாட இடமுண்டு. ஆனால் அந்தச் சண்டைக்கே போக வேண்டாம். ஆபரேஷன் நடந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். உங்களுக்கு 10 மாதம் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலோ, கிளினிக்கோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தாலோ இந்த 2 வருடம் நீளாது. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் அதிகம். 'அடுத்த மாதம் வாங்க, பார்க்கலாம்' என்று இழுத்தடித்து, 25-வது மாதம் 'முடியாது' என்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். அறுவைத் தழும்பு முழுதாக முதிர 12 முதல் 18 மாதம் ஆகும். அதுவரை பொறுத்திருந்து பிறகு திருத்த அறுவை செய்வதைத்தான் பலரும் விரும்புவார்கள். அதாவது உங்கள் தோல் தயாராகும் காலமும் வழக்குப் போடும் காலமும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கின்றன. திருத்த அறுவை செய்துவிட்டால் இப்போதிருக்கும் தழும்பு என்ற சாட்சியமே போய்விடும். அதைச் செய்கிறவர் அதே கிளினிக்காக இருந்தால் குறிப்பெழுதுவதும் அவர்கள்தான். எனவே முதலில் படம். பகல் வெளிச்சத்தில், அளவுகோலை ஒட்டி வைத்து, முடியை ஒதுக்கி, இரண்டு காதின் முன்னும் பின்னும் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் மேலே சொன்ன மருத்துவரின் அறிக்கை. இந்த இரண்டும் கையில் இல்லாமல் யாருடைய கத்தியும் உங்கள் முகத்தில் படக் கூடாது.

இதற்காக அரிப்பையும் வலியையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கீலாய்டுக்குச் சிலிகான் ஜெல், சில வாரங்களுக்கு ஒருமுறை தழும்புக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி என்று அறுவை இல்லாத வைத்தியங்கள் இருக்கின்றன. வேறொரு நல்ல தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ தொடங்கிவிடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வழக்குக்கு அது நல்லதுதான். வைத்தியமே பார்க்காமல் விட்டால் 'அவரே கவனிக்கவில்லை' என்பார்கள். கீலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள். கிளினிக் சொல்லும் 'இலவசத் திருத்தம்' உங்களுக்கு ஏற்றதா என்பதே ஒரு கேள்வி.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் 'முழு திருப்தியோடு ஏற்றுக்கொள்கிறேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்ற மாதிரி ஒரு வாசகம் இருக்கும். அதன் நகலை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சமரசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டிய பணத்தைத் திருப்பித் தந்து, நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேறு மருத்துவரிடம் திருத்தச் செலவையும் ஏற்பதாக எழுத்தில் தந்தால், அது பல வருட வழக்கைவிட மேலாக இருக்கலாம்.

வழக்கைக் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். சென்னைக்கு அலைய வேண்டாம். புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்ய 2019 சட்டம் இடம் தருகிறது. கட்டிய தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்பதால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே சாந்தா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. கட்டிய பணம், திருத்தச் செலவு, போக்குவரத்து, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். 'தழும்பே தெரியாது' என்ற வாட்ஸ்அப் செய்தி பொய் வாக்குறுதி, நேர்மையற்ற வணிக முறை என்ற தனிக் குற்றச்சாட்டுக்கு உதவும். கிளினிக் விளம்பரத்திலும் அதே வாக்குறுதி இருந்தால் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். போனை மாற்றாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்தோடு, புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், பெண் என்ற ஒரே காரணத்தாலேயே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானம் பார்க்க மாட்டார்கள். 15100-ஐ அழையுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதும் ஆத்திரத்தில் வந்த பேச்சு மட்டுமல்ல. முகத்தை நிரந்தரமாக விகாரப்படுத்துவது சட்டப்படி கொடுங்காயத்தில்தான் சேரும். ஆனால் மருத்துவர் மீது குற்ற வழக்கு என்றால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், போலீசும் முதலில் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போதுள்ள விவரங்களை வைத்து நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். அறுவை செய்தவருக்கு அதற்கான தகுதியே இல்லை என்று தெரிய வந்தால் கதை வேறு. அவர் பெயரையும் பட்டத்தையும் மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் சரிபாருங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தனியாகப் புகாரும் கொடுக்கலாம். அங்கே நஷ்டஈடு கிடைக்காது, ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே.

சொந்தக்காரர்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. உங்கள் சம்பாத்தியத்தில் உங்கள் முகத்துக்குச் செய்துகொண்டதற்கு நீங்கள் யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனாலும் நடைமுறையைச் சொல்ல வேண்டும். ஆணையத்தின் உத்தரவுகள் பெயரோடு இணையத்தில் வெளியாகும். பெயரை மறைக்கும்படி மனுப் போடலாம், ஏற்பது ஆணையத்தின் முடிவு. 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வருடக்கணக்கில் ஆகலாம். இதையெல்லாம் யோசித்து, கணவரோடு பேசி முடிவெடுங்கள்.

முடிவு எதுவானாலும் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, ஒப்புதல் படிவம், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பில் எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்று கிளினிக்குக் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம், கோபமும் வேண்டாம். 2002-ம் வருட மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்கவும் வேண்டும். தராவிட்டால் அதுவே அவர்களுக்கு எதிராக நிற்கும். வந்ததும் முதல் பக்கத்தில் 'முந்தைய நோய் விவரம்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே தழும்பு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.