இலங்கையில் பயணிகள் விமான நிலையம் எது, படைத்தளம் எது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "இலங்கையில் மக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் எவை, ராணுவத்துக்கு உள்ளவை எவை?"

கோடு கிழித்துப் பிரிக்க முடியாது அண்ணாச்சி. நம்ம ஊர்க்காரர்கள் மதுரையில் ஏறிப் போய் இறங்குகிற, கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கவையே பாருங்கள். பண்டாரநாயக்க பன்னாட்டு விமான நிலையமும் விமானப்படைத் தளமும் அங்கே ஒட்டியே இருக்கின்றன. 2001 ஜூலை 24 அன்று புலிகள் தாக்கியபோது போர் விமானங்களோடு பயணிகள் ஏர்பஸ்களும் எரிந்தது இதனால்தான்.

பலாலியும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷார் போட்ட ஓடுதளம், உள்நாட்டுப் போரில் படைத்தளம், 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம். ஓடுதளம் சிறியது, பெரிய ஜெட் இறங்காது. சென்னையிலிருந்து போவது ஏடிஆர் என்கிற சிறிய விமானம்தான். வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், அதில் ஏறியவர்களுக்குத் தெரியும்: இறக்கைக்குக் கீழே காற்றாடி, பின்பக்கக் கதவே படிக்கட்டாகக் கீழே இறங்கும்.

இரத்மலானைதான் பழையது, 1930களில் வந்தது. இன்று சிறு விமானங்களும் விமானப்படையும். திருகோணமலையின் சீனன்குடா முதன்மையாகப் படைக்கு, விமானிப் பயிற்சியும் அங்கேதான். அப்புறம் வவுனியா, அனுராதபுரம், ஹிங்குராங்கொடை எல்லாம் படைத்தளங்கள். மட்டக்களப்பில் இரண்டும் உண்டு.

முழுக்கப் பயணிகளுக்கென்றே கட்டியது மத்தளை, 2013இல். 3,500 மீட்டர் ஓடுதளம். வேடிக்கை என்னவென்றால், பயணிகள்தான் வரவில்லை. முனையம் வெறிச்சோடிக் கிடந்தது.